ரீஃப் என்பது பாய்க்குறுக்கம்

“காற்று வலுத்தால் முதல் பவளப்பாறையைக் கட்டவும்” என்று பாய்ப்படகுக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில் முதன்முறை படித்தபோது சிரித்தேன். மூன்றாவது கையேட்டிலும் அதே பாறை தட்டுப்பட்டபோது சிரிப்பு வரவில்லை.

ரீஃப் என்னும் ஆங்கிலச் சொல் கடலடிப் பாறைத்திட்டையும் குறிக்கும், பாயின் பரப்பைக் குறைப்பதையும் குறிக்கும். இரண்டுக்கும் மூலம் விலா எலும்பைச் சுட்டிய பழைய நார்சுச் சொல் என்பர். வேர் ஒன்றாயினும் பொருள் வேறு.

குளிர்கால இறுதியில், இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடைப்பட்ட சோலன்ட் நீரிணையில் சனி, ஞாயிறுகளில் படகோட்டுவோருக்கு இச்சொல்லின்றி ஒரு நாளும் ஓடாது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், 15 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் என்பது ஒரு நாட்) காற்று 20 நாட் ஆகும்போது பாயின் மீதான தள்ளுவிசை ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. அப்போது பெரும்பாயைச் சற்றே இறக்கி, அதன் அடிப்பட்டையை, பாயின் அடியோரம் கிடைமட்டமாக நீளும் அடிக்கழியோடு சேர்த்து இறுக்கினால், படகின் சாய்வு குறைந்து சுக்கான் கைக்கு அடங்கும்.

பாறையை விட்டவர்கள் அடுத்துப் பற்றிக்கொண்ட சொல் ‘பாய்மடிப்பு’. இதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல் தருவது, ஏனெனில் பார்வைக்குச் சரியெனத் தோன்றும் பிழை இது. கரையேறியபின் பாயை நன்னீரில் அலசி, உப்பு நீக்கி, உலர்த்தி, மடித்து வைப்பதும் மடிப்புதானே? ஓட்டும் பகுதியிலும் பராமரிப்புப் பகுதியிலும் ஒரே சொல் வந்தால், புதிதாகக் கற்பவர் எதைச் செய்வார்? ‘பாய்சுருட்டல்’ என்போர், முன்பாயை உருளையில் பாதி சுருட்டிப் பரப்பைக் குறைக்கும் இக்கால முறையைச் சான்று காட்டுகின்றனர். அது செய்யும் வழியே தவிரச் செயலின் நோக்கமன்று. முழுப் பாயையும் சுருட்டிக் கட்டுவதற்கு அச்சொல் வேண்டும், அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது. புறநானூற்று 30ஆம் பாடலில் “மீப்பாய் களையாது” புகாருக்குள் நுழையும் பெருங்கலத்தைக் காட்டிப் ‘பாய்களைதல்’ எனப் பழமைக்குத் தாவுவோரும் உண்டு. களைதல் முற்றாக நீக்குவது.

நமக்கு வேண்டிய சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஐகாரக் குறுக்கத்தில் இரண்டு மாத்திரை சொல்லின் இடையிலும் கடையிலும் ஒன்றாகிறது. எழுத்தோ அப்படியே நிற்கிறது. பாயும் அவ்வாறே அளவில் குறைகிறது, வேலையில் நீடிக்கிறது. ஆகவே பாய்க்குறுக்கம்; முதற்படி குறைப்பது முதற்குறுக்கம், மேலும் குறைப்பது இரண்டாங்குறுக்கம். ‘பாய்க்குறுக்கு’ என்று மட்டும் வெட்டிவிடாதீர்கள், அது குறுக்கே கிடக்கும் பாயாகிவிடும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறையேனும் படகில் ஏறியவரிடம் கேட்டிருந்தால், பராமரிப்புப் பட்டியலில் “பவளப்பாறைக் கயிற்றின் தேய்மானம்” என்று எழுதியிருக்க மாட்டார்கள். அந்த வரி இப்படி இருக்கலாம்: “குறுக்கக் கயிறு உராய்ந்து நைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் மாற்றியபின், உலர்ந்த பாயை மடித்து வைக்கவும்.”