நாய்க்கு வயர்லெஸ் வேலி: தூரத்தைக் கூட்டுவதற்கு முன்

தோட்ட வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் இப்போது அடிக்கடி கேட்பது இது: "டாக்டர், வயர்லெஸ் வேலி பாதித் தோட்டத்துக்குத்தான் எட்டுது. தூரத்தைக் கூட்ட வழி இருக்கா?"

வழி இருக்கிறது. அதற்கு முன் கருவி வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் தன்னைச் சுற்றி வட்டமாகச் சிக்னல் பரப்புகிறது. நாயின் கழுத்தில் மாட்டும் காலர் அதை வாங்கிக்கொண்டே இருக்கும். சிக்னல் விட்டுப்போனால் முதலில் பீப் சத்தம், அப்புறம் ஷாக். ஆகவே வீட்டு வாசலிலேயே சிக்னல் தடைபட்டாலும், நாய் எல்லை தாண்டிவிட்டதாகத்தான் காலர் எடுத்துக்கொள்ளும். ஒரு தப்பும் செய்யாத நாய்க்கு ஷாக் அடிக்கும்.

பரவலாக விற்கும் கருவிகள் பலவற்றின் உச்ச எல்லை 27 முதல் 32 மீட்டர் ஆரம். 27 மீட்டர் என்றால் சுமார் 56 சென்ட் நிலம். இவை மிகக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்குவதால், தூரம் இரண்டு மடங்கானால் சிக்னலின் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். வைஃபை பூஸ்டர் இங்கே உதவாது. டிரான்ஸ்மிட்டரைப் பிரித்து ஆன்டெனாவை மாற்றும் வேலையும் வேண்டாம். எல்லை எங்கே முடிகிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

முதலில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஃபிரிட்ஜ், பீரோ, தகரக் கூரை, கம்பிவலை வேலி, நிறுத்திவைத்த டிராக்டர் எல்லாமே சிக்னலைக் கெடுக்கும். தரைத்தளத்தில், இரும்புச் சாமான்களை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி, இரண்டு மூன்று அடி உயரத்தில் வையுங்கள். பல வீடுகளில் எல்லை நிலையாக நிற்க இதுவே போதும்.

அதற்கும் எட்டாத நிலத்துக்கு, அதே கருவியோடு சேர்ந்து இயங்கும் இரண்டாவது டிரான்ஸ்மிட்டர்தான் சரியான வழி. இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தின் நடுவிலேயே சிக்னல் இல்லாத இடம் உண்டாகி, நாய் அங்கே மாட்டிக்கொள்ளும். காலரைக் கையில் பிடித்து, ஷாக் அடிக்கும் இடத்தில் ஒளிரும் சோதனை விளக்கை அதில் பொருத்தி நிலம் முழுக்க நீங்களே நடந்து பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் காலர் என்ன செய்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் டிரான்ஸ்மிட்டரை இன்வெர்ட்டரில் இணைப்பது கட்டாயம். நீண்டு ஒடுங்கிய நிலத்துக்கும், ரோட்டை ஒட்டிய நிலத்துக்கும் வட்டமான எல்லை பொருந்தாது. அங்கே நிஜ வேலி போடுங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. எல்லையை நீங்கள் மாற்றியது நாய்க்குத் தெரியாது. பழைய எல்லையை நினைவில் வைத்திருக்கும் நாய், புதிதாகக் கிடைத்த இடத்தில் கால் வைக்கவே பயப்படும். எல்லையைக் குறைத்தால் இன்னும் மோசம். நேற்றுவரை ஓடி விளையாடிய இடத்தில் இன்று ஷாக் அடித்தால், எதனால் என்று அதற்குப் புரியாது. பக்கத்தில் நின்ற குழந்தையையோ ஆட்டையோ அதற்குக் காரணமாக நினைத்துக் கடிக்கப் பாயலாம். அதனால் எல்லை மாறும்போதெல்லாம் அதன் நெடுக அடையாளக் கொடிகளை நட்டு, ஷாக்கை அணைத்து, கயிற்றில் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து பழக்குங்கள். தினமும் சிறிது நேரமாக இரண்டு வாரமாவது ஆகும். பயந்த சுபாவமுள்ள நாய்க்கும், ஏற்கெனவே கடிக்கும் நாய்க்கும் இந்தக் கருவியை நான் பரிந்துரைப்பதே இல்லை. நாய், பூனைகளுக்கு ஷாக் கொடுக்கும் காலர்களை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது.

அடுத்தது கழுத்துப் புண். காலரிலுள்ள உலோக முனைகள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால், ஷாக் அடிக்காவிட்டாலும் அங்கே தோல் அழுகிவிடும். நம் ஊர் புழுக்கத்துக்கும் மழைக்கும் அது சீக்கிரமே சீழ் பிடிக்கும். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் காலர் கழுத்தில் இருக்கக் கூடாது. தினமும் கழற்றி முடியை விலக்கிப் பாருங்கள். சிவந்திருந்தால் புண் ஆறும்வரை மாட்டவே வேண்டாம்.

எத்தனை டிரான்ஸ்மிட்டர் வைத்தாலும் இந்த வேலி உங்கள் நாயை மட்டும்தான் நிறுத்தும். தெருநாய் உள்ளே வரும், மலையடிவாரத் தோட்டங்களில் சிறுத்தையும் வரும். உங்கள் நாயோ எல்லைக்குப் பயந்து தப்பி ஓடவும் தயங்கும். ராத்திரியில் அதைக் கூண்டிலோ வீட்டுக்குள்ளோ அடையுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போடுங்கள்.