‘எண்பது ஷோர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன வாரம் திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து ஈரத் துணியை அழுத்திப் பிழியும் ரோலர் ஒன்று, ரோலர்களுக்கு ரப்பர் ஏற்றும் எங்கள் பட்டறைக்கு வந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போதே மேல்பூச்சு கையில் ஒட்டியது. கட்டை விரலால் அழுத்தினேன், ரேகை அப்படியே பதிந்து நின்றது. நடுவில் நான்கு விரல் அகலத்துக்குப் பிய்ந்து இரும்பு தெரிந்தது. வேறு இடத்தில் பியூ, அதாவது பாலியூரித்தேன், ஏற்றி ஐந்து மாதம்தான் ஆகிறதாம், வெந்நீர்த் தொட்டியில் ஓடியிருக்கிறது. கொண்டுவந்த ஃபிட்டர் தம்பி, “எண்பது ஷோர்னு எழுதித்தானுங்கண்ணா குடுத்தோம், அவங்களும் எண்பதுதான் போட்டாங்க” என்றார்.

இந்த வருடத்தில் இது நான்காவது. பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஷோர் என்பது கடினத்தின் அளவு. ஷோர் மீட்டர் என்ற கருவியின் முனை ரப்பருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதை 0 முதல் 100 வரை காட்டும் எண், அவ்வளவுதான். அது எந்தச் சரக்கு என்று மீட்டர் சொல்லாது. இயற்கை ரப்பரிலும் 80 வரும், நைட்ரைல், ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்களிலும் வரும், பியூவிலும் வரும். ஒன்பதாம் நம்பர் செருப்பு வேண்டும் என்றால் தோலா ரப்பரா என்று கடைக்காரர் கேட்பார் அல்லவா? இருநூறு ரூபாய் செருப்புக்குப் பதில் சொல்கிறவர்கள், ஆயிரக்கணக்கில் செலவாகும் ரோலருக்கு ஏன் நம்பரோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்? அந்த எண்ணும் பட்டறைச் சூட்டில் எடுத்தது. தொட்டியில் 90 டிகிரியில் அதே எண் நிற்காது. ரப்பர் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அடியிலுள்ள இரும்பு தாங்கி மீட்டர் கூட்டிக் காட்டும். ஷோர் கூடினால் ஆயுள் கூடும் என்பதும் தவறு. ஆஃப்செட் அச்சு மிஷினின் மை ரோலர் 25 முதல் 35 வரை மெத்தென்று இருந்தால்தான் மை சீராக ஏறும்.

‘பழையது பச்சை, அதனால் பச்சையே போடுங்கள்’ என்பார்கள். பச்சை என்பது கலந்த சாயம். அதை வைத்து ரப்பரைக் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல். வெந்நீர், காஸ்டிக் சோடா, பெராக்சைடு என்றால் ஈபிடிஎம். ஆனால் அதே ஈபிடிஎம் மினரல் ஆயிலில் ஊதிப்போகும். ப்ளீச்சிங், அமிலத்துக்கு ஹைபலான் என்ற செயற்கை ரப்பர். 200 டிகிரிக்கு சிலிக்கோன் ரப்பர், ஆனால் பிளேடு பட்டால் சுலபமாகக் கிழியும். பியூ மீது எனக்குக் கோபம் இல்லை. சூடில்லாத, தேய்மானம் மிகுந்த வேலைக்கு அதற்கு ஈடு குறைவு. வெந்நீரில் மட்டும் இறக்காதீர்கள்.

சிவகாசியில் யூவி மைக்கு, அதாவது புற ஊதா ஒளியில் காயும் மைக்கு, மாறிய அச்சகங்களிலிருந்தும் இதே கதைதான் வருகிறது. மையை மாற்றினார்கள், கழுவும் திரவத்தை மாற்றினார்கள், ரோலரை மாற்றவில்லை. சாதா மைக்கான நைட்ரைல் உப்பியதும் மிஷினைத் திட்டுகிறார்கள்.

தயவுசெய்து, ரோலர் அனுப்பும்போது கூடவே ஒரு தாள் எழுதி அனுப்புங்கள். என்ன திரவம், எத்தனை டிகிரி, எவ்வளவு அழுத்தம், துணியில் பின்னல் மிஷின் ஆயில் இருக்குமா, எதைக் கொண்டு துடைக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. பெட்ரோலும் தின்னரும் போட்டுத் துடைப்பதை முதலில் நிறுத்துங்கள். ஸ்பேர் ரோலரைத் தரையில் உருட்டிப் போடாதீர்கள், ரப்பரில் பள்ளம் விழுந்து நிற்கும். இருபுறத் தண்டும் தாங்குகிற மாதிரி ஸ்டாண்டில், வெயில் படாமல், வெல்டிங் நடக்கும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

அந்தத் தம்பியிடம் தொட்டித் தண்ணீர் அரை லிட்டர் கேட்டேன். நேற்று பாட்டிலில் கொண்டுவந்தார். மூன்று வகை ரப்பர் துண்டுகளை எடை போட்டு, அதில் மூழ்கவைத்து 90 டிகிரியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை திரும்ப எடை போட்டு எது உப்பவில்லை என்று பார்த்த பிறகுதான் அவருடைய ரோலரை உரிப்பேன்.