தக்கையைத் திட்டுமுன் போத்தலின் கழுத்தை அளவெடுங்கள்

வீட்டில் செய்த வைன் ஒழுகினால் முதலில் ஏச்சு வாங்குவது தக்கைதான். மலிவான கார்க், அதனால்தான் இப்படி என்று முடிவுகட்டி, அடுத்த முறை விலை கூடியதை வாங்குவார்கள். அதுவும் ஒழுகும். ஒழுகிய போத்தலைக் கையிலெடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தக்கையில் குற்றம் இருக்காது. அளவு பிழைத்திருக்கும், இல்லையென்றால் அடிக்குமுன் அதை அவித்துக் கெடுத்திருப்பார்கள். வைன் முழுதாகப் புளித்து முடியாததும் ஒரு காரணம்.

கனடாவில் விற்கும் வைன் கிட் (வீட்டில் வைன் செய்யத் தேவையான பொருள்கள் அடங்கிய பெட்டி) ஒன்று வழக்கமாக 23 லீற்றர் தரும். 750 மில்லிலீற்றர் போத்தல்களாக நிரப்பினால் 30 வரும். சொந்தப் பாவனைக்கு அங்கே தடையில்லை, விற்கத்தான் கூடாது. (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது செய்வது சட்டப்படி குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் வாசியுங்கள்.)

முதலில் அளவு. சாதாரண 750 மில்லிலீற்றர் வைன் போத்தலின் வாய் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். கீழே போகப் போகக் கொஞ்சம் அகன்று, 45 மில்லிமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 20க்கு வரும். கடையில் தக்கைகளை இலக்கத்தால் விற்பார்கள். 9ஆம் இலக்கம் சுமார் 24 மில்லிமீற்றர் விட்டம், 8ஆம் இலக்கம் சுமார் 22, 7ஆம் இலக்கம் 19 சொச்சம். 24 மில்லிமீற்றர் தக்கையை 18.5க்குள் திணிக்கும்போது ஐந்தரை மில்லிமீற்றர் நெரிபடுகிறது. அந்த நெரிசல்தான் அடைப்பு. கண்ணாடியைத் தக்கை எந்நேரமும் வெளிப்பக்கமாக உந்திக்கொண்டே இருக்க வேண்டும். 7ஆம் இலக்கத்தைக் கையாலேயே அழுத்திவிடலாம், அதுவே அதன் குறை. அரை மில்லிமீற்றர் நெரிசலை நம்பிப் போத்தலைப் படுக்க வைக்க முடியாது. 8ஆம் இலக்கம் சில மாதங்களில் குடித்து முடிக்கிற வைனுக்குப் போதும். ஒரு வருடம் வைக்க நினைத்தால் 9.

ஆனால் 9ஆம் இலக்கத்தைக் கைக்கருவியால் அடிக்கப் பலசாலியே திணறுவார். இரண்டு கைப்பிடி வைத்த சிறு கருவி 8ஆம் இலக்கத்துக்குத்தான் இலகு. 9க்கு நிலத்தில் நிற்கும் இயந்திரம் வேண்டும். அதன் தாடைகள் நாற்புறமும் தக்கையை 16 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருக்க, மேலிருக்கும் தண்டு உள்ளே தள்ளும். விலை கூடத்தான். வருடத்துக்கு ஒரு கிட் மட்டும் செய்பவர் வாடகைக்கு எடுக்கலாம், வைன் சாமான் கடைகள் பல கொடுக்கின்றன. கருவிக்கு ஏற்ற தக்கையை வாங்குங்கள். தக்கையை வாங்கிவிட்டுக் கருவியோடு மல்லுக்கட்டுவதுதான் வழமையான தவறு.

திருகுமூடிப் போத்தலைக் கழுவி அதற்குள் தக்கை அடிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேண்டாம். அதன் கழுத்துத் துளை தக்கைக்கென்று அளவிட்டுச் செய்யப்பட்டதல்ல, வாய்க் கண்ணாடியும் இயந்திர அழுத்தம் தாங்கும் என்று சொல்ல முடியாது. உடைந்தால் கை கிழியும். சில்லு உள்ளே விழுந்தால் அந்தப் போத்தல் முழுதும் தொட்டிக்குத்தான்.

இனி வகை. இயற்கைத் தக்கை கார்க் ஓக் மரத்தின் பட்டையிலிருந்து ஒரே துண்டாக வெட்டப்படுவது. உலகக் கார்க்கில் பாதியளவு போர்த்துக்கலில் இருந்து வருகிறது. மரம் 25 வயதானபின் முதல் பட்டை உரிப்பார்கள், பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு உரிப்பும் போத்தலுக்கு உதவாது. மூன்றாவதில், மரத்துக்கு நாற்பதைத் தாண்டியபின்தான் தக்கைக்குத் தகுந்த பட்டை கிடைக்கும். விலையை நினைத்து முறைப்பவர்கள் இதையும் நினைக்கலாம். நல்ல இயற்கைத் தக்கையில் துளைகளும் கோடுகளும் குறைவாக இருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளவாக்கில் ஓடும் விரிசலோ வாய்க்காலோ இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள், வைன் அந்த வழியாகவே வெளியே வரும். துளைகளைக் கார்க் தூளும் பசையும் கொண்டு அடைத்து, பார்வைக்கு வழுவழுப்பாக்கி விற்பதும் உண்டு. அது தள்ளத்தக்கதல்ல, ஆனால் முதல்தர இயற்கைத் தக்கையின் விலையைக் கொடுத்து அதை வாங்காதீர்கள்.

கார்க் துருவலைப் பசையால் ஒட்டி அழுத்திய தக்கைதான் மலிவு. பரும்படித் துருவல் என்றால் ஒரு வருடத்துக்குமேல் நம்ப வேண்டாம், நாள்போக முனையில் மணிமணியாக உதிரும். மணி நுண்ணியதாகவும் ஒரேசீராகவும் உள்ள வகை வேறு சாதி. ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே இருக்கும், ஒழுக்கு அரிது. இரண்டு முனையிலும் இயற்கைக் கார்க் வில்லை ஒட்டி, நடுவில் துருவல் வைத்தது இன்னொன்று. வைன் தொடுவது வில்லையை மட்டும்தான். ஒரு வருடம் இரண்டு வருடம் வைக்கும் கிட் வைனுக்கு எங்கள் தேர்வு இந்தக் கடைசி இரண்டில் ஒன்று, 38 மில்லிமீற்றர் நீளத்தில். அதைவிட நீண்ட காலம் வைக்கத் தகுந்த வைனானால் 44 மில்லிமீற்றர் இயற்கைத் தக்கை. பிளாஸ்ரிக் தக்கையும் பிழையில்லை, நிமிர்த்தி வைத்தாலும் காயாது. ஆனால் தாடையில் கீறலோ மடிப்போ இருந்தால் அதன் மேனியில் கோடு விழும், அந்தக் கோடு பிறகு நிரவாது. தலையில் பிளாஸ்ரிக் குமிழ் வைத்த தக்கை மேசைக்கு, அடுத்த வாரம் பரிசாகக் கொடுக்கும் போத்தலுக்கு. அலமாரியில் வருடக்கணக்காக வைக்க அல்ல.

பக்கற்றை வாங்கும்போது அது இறுக்கி மூடியிருக்கிறதா பாருங்கள். தக்கையில் ஈரம் 5 முதல் 8 வீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நொறுங்கும், மேலே போனால் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்ரிக் பெட்டியில் அள்ளிப்போட்டு எண்ணிக் கொடுக்கும் கடைத் தக்கை எத்தனை மாதம் காற்றில் கிடந்ததோ!

வாசம் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நாலைந்து தக்கைகளைத் தனித்தனிக் கிளாசில், சாதாரண வெள்ளை வைனில் அமிழ்த்தி மூடிவிட்டு 24 மணி நேரம் கழித்து மணந்து பாருங்கள். நனைந்த கடதாசி அட்டை, பூட்டிக் கிடந்த நிலக்கீழறை போன்ற மணம் வந்தால் அந்தப் பக்கற் வேண்டாம். காரணம் டிரைகுளோரோஅனிசோல் என்னும் சேர்மம். 1981இல் சுவிஸ் ஆய்வாளர் ஹான்ஸ் ரானர் அடையாளம் கண்டது. லீற்றருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் வைனின் பழவாசனையைத் தின்றுவிடும். குளோரின் கலந்த பீனோல் சேர்மங்களைப் பூஞ்சணம் மாற்றுவதால் இது உருவாகிறது. ஆகவே தக்கையையோ போத்தலையோ அறையையோ குளோரின் உள்ள பிளீச் போட்டுக் கழுவாதீர்கள். சுத்தத்துக்காகச் செய்யும் அந்த வேலையே இந்த மணத்துக்கு விதை போடும்.

அடுத்த பெரிய பிழை தக்கையை அவிப்பது. பழைய ஆட்கள் சொல்லிக் கொடுத்த முறை என்று இன்றும் பலர் பானையில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். இப்போதைய தக்கையின் மேலே மெழுகும் சிலிக்கோனும் மெல்லிய பூச்சாக இருக்கும். வழுக்கி உள்ளே போகவும், வைன் ஊறாமல் இருக்கவும், திருகாணியால் இழுக்கும்போது வரவும் அதுதான் துணை. கொதிநீர் அதைக் கழற்றிவிடும். தக்கை ஊதி மிருதுவாகி இலகுவாக உள்ளே போகும், பிறகு காய்ந்து சுருங்கும்போது ஒழுகத் தொடங்கும். திறக்கும்போது பாதி உள்ளே விழும். மூடிய பக்கற்றில் வந்த தக்கையை அப்படியே உலர்ந்தபடி அடிக்கலாம். மனம் கேட்கவில்லையென்றால் 4 லீற்றர் நீரில் 50 கிராம் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற் என்னும் கிருமிகொல்லித் தூளைக் கரைத்து, அதில் ஒரு தடவை முக்கி எடுத்து வடியவிட்டு அடியுங்கள். ஊறவிட வேண்டாம். அந்தக் கரைசலின் நெடி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

அடிக்குமுன் இரண்டு சோதனை வைனுக்கு. ஹைட்ரோமீற்றர் (வைனின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி) 0.996க்குக் கீழே நின்று மூன்று நாளாக அசையாமல் இருக்கிறதா? இனிப்பு வைன் என்றால் சர்க்கரை கலக்குமுன், திரும்பப் புளிக்காமல் காக்கும் பொற்றாசியம் சோர்பேற்றும் சல்பைற்றும் (மேலே சொன்ன மெற்றாபைசல்பைற்) இட்டாயிற்றா? 23 லீற்றருக்குச் சோர்பேற் ஏறக்குறைய 5 கிராம். ஓடிக்கொண்டிருக்கும் புளிப்பை அது நிறுத்தாது, அடங்கியது திரும்ப எழாமல்தான் தடுக்கும். இரண்டாவது, சோதனைக் குழாயில் பாதி வைன் விட்டு உள்ளங்கையால் மூடிக் குலுக்கிக் கையை எடுங்கள். 'டப்' என்ற சத்தம் வந்தால் வாயு இன்னும் கரைந்திருக்கிறது, கிளறி வெளியேற்ற வேண்டும். உள்ளே வாயு பெருகினால் எந்தத் தக்கையும் தாங்காது. தக்கை தெறிப்பது அதிர்ஷ்டம், அது தெறிக்காமல் போத்தல் வெடிப்பதுதான் ஆபத்து.

நிரப்பும்போது தக்கையின் அடிக்கும் வைன் மட்டத்துக்கும் நடுவே 15 மில்லிமீற்றர் விடுங்கள். வைன் சூடேறினால் விரியும். பத்துப் பாகை ஏறினால் கழுத்தில் மட்டம் சுமார் 6 மில்லிமீற்றர் உயரும். ஜனவரியில் 14 பாகை இருக்கும் ரொறன்ரோ நிலக்கீழறையில் கழுத்துவரை நிரப்பிய போத்தலை ஜூலையில் கராஜில் வைத்தால், தக்கை தலை தூக்குவதில் என்ன அதிசயம்? குளிர்ந்த வைனை அறை வெப்பத்துக்கு வரவிட்டு நிரப்புவது நல்லது.

தண்டின் ஆழத் திருகைத் தண்ணீர் நிரப்பிய போத்தலில் சரிபாருங்கள். தக்கைத் தலை விளிம்போடு மட்டமாக, மிஞ்சினால் ஒரு மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும். நெம்பை நிறுத்தி நிறுத்தி அழுத்தாமல் ஒரே வீச்சில் இறக்குங்கள். அடித்த தக்கையைப் பிடுங்கிப் பாருங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடினால் தாடை தேய்ந்திருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் முப்பதையும் அடிப்பது முப்பது ஒழுக்கை அடிப்பதுதான்.

அடித்ததும் மூன்று நாள் நிமிர்த்தி வையுங்கள். நெரிந்த தக்கை விரிந்து கண்ணாடியைப் பிடிக்க நேரம் வேண்டும், உள்ளே அடைபட்ட காற்றும் அழுத்தம் தணியும். பிறகு வெள்ளைக் கடதாசியின் மேல் படுக்க வைத்தால் ஒழுக்குள்ள போத்தல் தானே காட்டிக்கொடுக்கும். அதை முதலில் குடித்துவிடலாம்.

நூறு தக்கைப் பக்கற் வாங்கினால் எழுபது மிஞ்சும். காற்றை வெளியேற்றி ஸிப் பையில் இறுக்கிப் பூட்டி, வாங்கிய திகதியை எழுதி வைத்தால் ஆறு மாதம் கெடாது. அதற்குப் பிறகு ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். திரும்பி எழுந்தால் அடிக்கலாம், உதிர்ந்தால் எறியுங்கள். ஒருமுறை திருகாணி துளைத்தெடுத்த தக்கைக்கு இரண்டாம் வாழ்வு கிடையாது.