கண்டைக் கண்டு மயங்காதீர்கள்

பன்னிரண்டு நிறச் சதுரங்கள், நடுநடுவே வெள்ளைக் கரை. குழந்தைப் போர்வை அது, பின்னி முடிக்க ஐந்து வாரம் ஆனது. கொடுப்பதற்கு முன் ஒரு அலசு அலசிவிடலாம் என்று வாளியில் ஊறப்போட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் ரோஸ் நிறத்தில் நிற்கிறது, வெள்ளைக் கரை முழுக்கத் திட்டுத்திட்டாகச் சிவப்பு. பதினோரு நிறம் சமர்த்தாக இருந்தது. அந்த ஒரு சிவப்பு மட்டும்தான் சாயம் விட்டது. ஆனால் போர்வை மொத்தமும் போயிற்று.

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, அதைச் சொல்லிக்கொடுப்பதும் ஆர்டருக்குப் பின்னிக் கொடுப்பதும்தான் என் தொழில். கெட்டுப்போன பல வண்ண வேலைகள் நிறைய என்னிடம் வருகின்றன. ஸ்டிட்ச் தப்பி வருவது குறைவு. நூல் தேர்வில் தப்பி வருவதுதான் அதிகம். "மேடம், கடையில கலர் எல்லாம் சேர்த்து வச்சுப் பார்த்தப்ப அவ்வளவு அழகா இருந்துச்சு" என்றுதான் பேச்சு தொடங்கும். அழகாகத்தான் இருந்திருக்கும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் சும்மா இருந்த நூல்கள், ஒரே துணியாகிச் சேர்ந்து நனைந்து, சேர்ந்து காய்ந்து, சேர்ந்து சுருங்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒத்துவருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறத்தைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.

முதல் கேள்வி, எல்லா நூல்கண்டும் ஒரே வகை இழையா? காட்டனும் கம்பளியும் கலந்து ஒரு போர்வை பின்னினால், வாஷிங் மெஷினில் கம்பளி சுருங்கி இறுகும், காட்டன் அந்த அளவுக்குச் சுருங்காது. சதுரமாக இருந்தது நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு கோணலாகும். அக்ரிலிக் சுருங்காது, ஆனால் காட்டனுக்குப் போடுகிற சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தொய்ந்து, பளபளத்து, உயிரில்லாமல் தொங்கும். அதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. லேபிளில் தொட்டிப் படம், முக்கோணம், இஸ்திரிப் பெட்டி என்று துவைக்கும், தேய்க்கும் முறையைச் சொல்லும் குறிகள் இருக்கும். எல்லாக் கண்டின் லேபிளிலும் அந்த வரிசை ஒன்றாக இருந்தால் நிம்மதி. ஒரே ஒரு கண்டு "கையால் மட்டும் துவைக்க" என்று சொன்னால், முழுப் போர்வையும் இனிக் கையால் துவைக்க வேண்டிய போர்வைதான்.

அடுத்து சாயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறான வைத்தியம் அதிகம் புழங்குகிற இடம் இதுதான்.

காட்டனுக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். அது இழையோடு வேதியியல் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். சேர்ந்தது எளிதில் கழன்று வராது. பிரச்சினை சேராமல் மிஞ்சிய சாயத்தில் இருக்கிறது. சாயத் தொட்டியில் தண்ணீரோடு வினைபுரிந்து வீணான பகுதி, இழையின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆலையில் அதை நன்றாக அலசி எடுக்காவிட்டால், நம் வாளியில் வந்து இறங்கும். டைரக்ட் சாயம் என்று இன்னொரு வகை உண்டு. அதன் பிடிப்பே லேசானது, ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே இருக்கும். அக்ரிலிக் நூல் பொதுவாகச் சாயம் விடாது, அதன் சாயம் இழைக்குள்ளேயே இறுகப் பிடித்திருக்கும். பல வண்ண வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அக்ரிலிக்கைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாயம் போகிறதா, வினிகரில் ஊற வை, உப்புத் தண்ணீரில் போடு என்பார்கள். கம்பளிக்கு ஆசிட் சாயம் ஏற்றும்போது வினிகருக்கு வேலை இருக்கிறது, அதுவும் சூடு சேர்ந்தால்தான். காட்டனில் வினிகர் எதையும் பிடித்து நிறுத்தாது. உப்பு, சாயத்தை இழைப்பக்கம் தள்ளுவதற்காகச் சாயம் போடும்போது சேர்ப்பது. போட்டு முடித்த நூலை வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதால் சாயம் உறுதியாகிவிடாது. நானும் சில வருடம் இதையெல்லாம் பயபக்தியோடு செய்தவள்தான்.

செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு விரல் நீளத்துக்கு நூலை வெட்டுங்கள். துளி சோப்பு போட்ட வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து மடித்து, மேலே கனமாக எதையாவது வைத்து அரை மணி நேரம் விடுங்கள். சாயம் விடுகிற நூல் என்றால், பிரித்துப் பார்க்கும்போது துணியில் கோடு விழுந்திருக்கும். சிவப்பு, கருநீலம், கறுப்பு இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பச்சையும் நீலமும் கலந்த டர்க்காய்ஸையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் மிச்சச் சாயத்தை அலசி எடுப்பது ஆலைக்கே சிரமம். கோடு விழுந்த காட்டன் நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை சோப்பு வெந்நீரில் அலசுங்கள். அப்படியும் நிற்கவில்லையா, அந்தக் கண்டை ஒதுக்கிவிடுங்கள். தனி நிறப் பைக்கு ஆகும், வெள்ளைக்குப் பக்கத்தில் ஆகாது.

பின்னி முடித்த பிறகுதான் சாயம் இறங்கியதைக் கவனித்தீர்கள் என்றால், பதறிப்போய் வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். காய்ந்துவிட்டால் கறையை எடுப்பது இன்னும் கஷ்டம். காட்டனாக இருந்தால் ஈரமாக இருக்கும்போதே நிறைய வெந்நீரில், நிறைய சோப்போடு திரும்பத் திரும்ப அலசுங்கள். கம்பளிக்கு இந்த வைத்தியம் ஆகாது, சிக்கிப்போய்ச் சுருங்கிவிடும்.

நூலின் பருமனிலும் ஏமாறுவது சுலபம். லேபிளில் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும்: 0 என்றால் மிக மெல்லிய லேஸ் நூல், 3 டிகே, 4 அதைவிடச் சற்றுப் பருமனான வொர்ஸ்டெட், 7 மிகப் பருமனான ஜம்போ. ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி நூல்கள் ஒரே பருமனில் இருக்கும் என்று உறுதியில்லை. 'ப்ளை' என்பதும் எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, ஒவ்வொரு இழையும் எவ்வளவு பருமன் என்று சொல்லாது. நான் பார்ப்பது எடைக்கு எத்தனை மீட்டர் என்பதைத்தான். ஒரே வகை இழையில், ஒன்று 50 கிராமுக்கு 125 மீட்டர், இன்னொன்று 50 கிராமுக்கு 100 மீட்டர் என்றால், இரண்டும் ஒரே ஊசியில் ஒரே அளவுச் சதுரம் தராது. லேபிள் தொலைந்த மிச்சக் கண்டுகளை ஒரு ஸ்கேலில் நெருக்காமல் சுற்றி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறேன்.

பளபளப்பும் இதில் ஒரு கட்சி. காட்டனை காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பதப்படுத்தும் முறையை 1844-இல் ஜான் மெர்சர் கண்டறிந்தார். 1890-இல் ஹொரேஸ் லோ நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதைச் செய்தபோதுதான் அந்தப் பட்டுப் பளபளப்பு வந்தது. இப்படிப் பதப்படுத்திய மெர்சரைஸ்டு நூலில் நிறம் ஆழமாகத் தெரியும், ஸ்டிட்ச் துல்லியமாக நிற்கும். அதன் பக்கத்தில் சாதாரண காட்டனை வைத்தால் அது பழசு போலத் தெரியும். ஒன்று எல்லாமே பளபளப்பு, அல்லது எல்லாமே மங்கல். வேண்டுமென்றே கலக்கத் தெரிந்தவர்கள் கலக்கட்டும்.

இப்போது நிறத்துக்கு வரலாம். கண்டுகளை வரிசையாக வைத்துப் போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எத்தனை நிறம் வாங்கினாலும் தூரத்தில் இருந்து பார்க்கும்போது டிசைன் தெரியாது. வெளிர் ஒன்று, அடர்த்தி ஒன்று, நடுவில் சில என்று இருக்க வேண்டும். கடை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசலில் பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள். விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கறுப்பில் ஒன்று வெளியே வந்ததும் கருநீலமாகிவிடும். பல நிற நூலையும் கூடவே எடுத்துப்போய் உருவம் பின்னுகிற டேபஸ்ட்ரி குரோஷேவில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே மறைத்து எடுத்துப்போகிற அடர் நிற நூல் வெளிர் ஸ்டிட்ச் வழியாக எட்டிப்பார்க்கும்.

பலநிற நூல், அதாவது ஒரே கண்டில் நிறம் மாறி மாறி வருவது, கண்டாக இருக்கும்போது இருக்கிற அழகு துணியில் வருமா என்பது சந்தேகம்தான். நிறம் சட்டுச்சட்டென்று மாறினால் சில இடத்தில் குளம் போல ஒரே நிறம் தேங்கும், சில இடத்தில் புள்ளிபுள்ளியாகும். மெனக்கெட்டுப் பின்னிய வேலைப்பாடு அதில் காணாமலே போகும். இதற்கு எளிய சிங்கிள் குரோஷே போதும், இல்லாவிட்டால் ஒரு சிங்கிள் குரோஷே, ஒரு சங்கிலி என்று மாறி மாறி வருகிற மாஸ் ஸ்டிட்ச். கரைக்குத் தனி நிறம் தேடும்போது எல்லோரும் அந்தக் கண்டில் இருக்கும் நிறத்திலேயே ஒன்றை எடுப்பார்கள். அந்த நிறம் கரையைத் தொடும் இடத்திலெல்லாம் கரையே மறைந்துவிடும். கண்டில் இல்லாத நிறம்தான் கரைக்கு எடுப்பாக இருக்கும்.

டை லாட் எண்ணை, அதாவது எந்தத் தொட்டியில் சாயமேறியது என்று சொல்லும் எண்ணைப் பார்க்காமல் வாங்குவது பழைய தப்பு, இன்னும் நடக்கிறது. நிற எண் ஒன்றாக இருந்தாலும் வேறு தொட்டியில் சாயமேறியது வேறுதான். நிட்டிங்கைவிடக் குரோஷே நூலை அதிகம் விழுங்கும், அதனால் அடிப்படை நிறத்தில் ஒரு கண்டு கூடுதலாகவே எடுத்துவிடுங்கள். லாட் மாறித்தான் கிடைக்கிறது என்றால், இரண்டு வரிசை இது, இரண்டு வரிசை அது என்று மாற்றிமாற்றிப் பின்னினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியாது.

சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு அக்ரிலிக் கூடவே கூடாது, உருகும். வாயில் வைக்கிற வயதுக் குழந்தையின் பொம்மைக்கு ரோமம் உதிரும் நூல் வேண்டாம். வெயில் படுகிற சுவரில் தொங்குவதற்கு, மங்கினாலும் பார்க்க நன்றாக இருக்கும் நிறங்களாகவே எடுங்கள்.

பெரிய வேலை எதைத் தொடங்கினாலும், எல்லா நிறத்திலும் இரண்டிரண்டு வரிசை, நடுவில் வெள்ளை என்று உள்ளங்கை அளவுக்கு ஒரு பட்டை பின்னுகிறேன். வாங்குகிறவர் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்து, ஈரத்தோடு மடித்து ஒரு ராத்திரி வைத்துவிடுகிறேன். சாயம் ஓடுவதாக இருந்தால் விடிவதற்குள் ஓடிவிடும். ஒரு நாள் போகிறதே என்று மாணவிகள் முனகுவார்கள். அந்தப் போர்வைச் சிவப்பில் அரைக் கண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வகுப்பில் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திக் காட்டுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் சாயம் விடுகிறது.