ஆமையில் ஒட்டியிருக்கும் மீனைப் பிடுங்காதீர்கள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் கடல் தெளிந்திருக்கும் மாதங்களில் ஆமை பார்க்க வருபவர்களைக் கூட்டிச் செல்வது எங்களைப் போன்ற சுழியோடிகளின் வேலை. அப்போது அடிக்கடி கேட்பது: "அண்ணன், ஆமைட முதுகுல என்னவோ ஒட்டி ரெத்தம் குடிக்குது. கழட்டி விடுங்க, பாவம்!"

அந்த இரக்கம் நல்லது. ஆனால் ஆமையில் ஒட்டியிருப்பது ஒட்டுமீன் என்ற மீன், அது இரத்தம் குடிப்பதில்லை. அதன் தலைக்கு மேலே நீள்வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. முதுகின் முன்துடுப்புத்தான் அப்படி உருமாறியிருக்கிறது. யன்னல் சட்டங்கள் போல அதில் குறுக்கே தகடுகள், தகடுகளில் நுண்ணிய முட்கள். தகடுகள் நிமிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து மீன் ஒட்டிக்கொள்கிறது.

மீனுக்கு இதனால் நீந்தும் சக்தி மிச்சம். ஆமை நீந்தும்போது செவுளுக்குத் தண்ணீர் தானாகவே வருகிறது. ஆமை சாப்பிடும்போது சிதறுவதும், அதன் கழிவும்கூட இரைதான். பதிலுக்குச் சில ஒட்டுண்ணிகளைத் தின்னும். ஆமைக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பதே என் எண்ணம். ஒட்டுமீன் ஒரு மீற்றர் வரை வளரும். சிறிய ஆமைக்கு அது சுமைதான். இருந்தாலும் அதனால் ஆமை சாவதில்லை. தனியாக நீந்தும் ஒட்டுமீன்கள் சுழியோடிகளின் உடம்பிலும் ஒட்டப் பார்க்கும், பயப்பட வேண்டாம்.

வாலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால் பிடி இன்னும் இறுகும். கழுத்து, துடுப்பு போன்ற மென்மையான இடமென்றால் தோல் காயப்படும். ஆமையில் சிக்கிய வலையை அறுக்கும்போது இடைஞ்சலாக இருந்தால் மட்டும் மீனை அதன் தலைப்பக்கமாக முன்னே தள்ளுங்கள், கழன்றுவிடும்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. ஆமைக்குச் செவுள் இல்லை. மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். படம் எடுக்க நாலு பேர் சுற்றி வளைத்தால் அது மேலே வராமல் விலகி ஓடும். ஆகவே தள்ளி நில்லுங்கள், மேலே போகும் வழியை மறிக்காதீர்கள், தொடவே வேண்டாம். நம் கரையில் முட்டையிடும் ஐந்து வகை ஆமைகளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

வள்ளக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதென்று உடனே கடலில் போடாதீர்கள். வயிறு கீழே இருக்கும்படி நிழலில் வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்துங்கள். நுரையீரலில் உள்ள தண்ணீர் வடியும். ஈரத்துணி போடலாம், மூக்கை மூட வேண்டாம். தெளிய 24 மணி நேரம்கூட ஆகலாம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்லுங்கள். ஆமை நன்றாக அசையத் தொடங்கியதும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கி விடுங்கள்.