கோல்நடை: 'நார்டிக் வாக்கிங்' தமிழில் என்ன?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் நடக்கிறவர்கள் எப்போதாவது பார்த்திருப்பார்கள். ஐம்பது, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு கைகளிலும் மெல்லிய கோல்களைப் பிடித்துக்கொண்டு, நம்மைத் தாண்டி விறுவிறுவென்று போய்விடுவார். பின்னால் வருகிற யாராவது "பாவம், முட்டி வலி போல" என்பார்கள். முட்டி வலிக்காரர் அந்த வேகத்தில் போகமாட்டார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கையில் கோல் இருந்தால் காலில் குறை என்றே நம் கண் பழகியிருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு நார்டிக் வாக்கிங் என்று பெயர். இதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் பெரியப்பா. கடலூர் முதுநகரில் இருக்கிறார், வயது 67. பாரீஸிலிருந்து வந்த அக்கா மகள் தாத்தாவுக்கு என்று ஒரு ஜோடி கோல் வாங்கி வந்தாள். அவள் சொன்ன பெயர் பிரெஞ்சில், 'மார்ஷ் நோர்திக்'. அது யார் வாயிலும் நுழையவில்லை. வீட்டில் யாரோ "பெரியவருக்கு ஊன்றுகோல் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். "ஊன்றுகோல் பிடிக்கிற வயசா எனக்கு?" என்று அவற்றை பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தவர், மூன்று மாதம் தொடவே இல்லை. ஒரு பொருளுக்கு வைத்த பெயர் தவறிப்போனால் அந்தப் பொருளே வீணாகும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

சரி, பெயரின் வேருக்கு வருவோம். 'நோர்' என்றால் பிரெஞ்சில் வடக்கு. அந்தச் சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. அங்கே 'நோர்திக்' என்று வளர்ந்து, அப்புறம் 'நார்டிக்' ஆக ஆங்கிலத்துக்கே திரும்பி வந்தது. பின்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகியவற்றைச் சேர்த்து நார்டிக் நாடுகள் என்கிறோம். குதிகால் பலகையோடு பிணைக்கப்படாமல் தூக்கி வைத்து நகரும் பனிச்சறுக்குக்கும் இதே அடைமொழிதான். அந்தப் பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத கோடைக் காலத்தில் உடம்பு தளர்ந்துவிடாமல் இருக்க, சறுக்குக் கோல்களை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், ஓடினார்கள். இந்த நடை பிறந்தது அங்கேதான்.

அது பொதுமக்களுக்கான பயிற்சியாக மாறியது பின்லாந்தில். 1997இல் எக்ஸெல் என்ற பின்லாந்து நிறுவனம் நடப்பதற்கென்றே கோல்களைச் செய்து விற்றபோது 'நார்டிக் வாக்கிங்' என்ற பெயர் பரவியது. 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒரு சர்வதேச அமைப்பும் உருவானது. ஆனால் பின்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியில் இதைச் சொல்வது 'சௌவாகேவெலு' என்று. 'சௌவா' என்றால் கோல். 'கேவெலு' என்றால் நடை. அதில் வடக்கும் இல்லை, நார்டிக்கும் இல்லை. வெளியூர் வாங்குபவர்களுக்கு எங்கிருந்து வந்த சரக்கு என்று சொல்லத்தான் நார்டிக் தேவைப்பட்டது.

இது தெரிந்தால் 'வடபுல நடை', 'வடதிசை நடை' என்றெல்லாம் ஆக்கத் தோன்றாது. 'வடதிசை நடை' என்று கேட்டால் வடக்கு பார்த்து நடக்க வேண்டுமா என்றுதான் யாரும் கேட்பார்கள். நமக்கோ வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விடும் வடக்கிருத்தல் என்ற பழைய நினைவு வேறு இருக்கிறது.

அடுத்தது ஊன்றுகோல். பழைய, அழகான சொல். குறளில் 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே' என்று வருகிறது (415). வழுக்கும் சேற்று நிலத்தில் விழாமல் தாங்கும் கோல். புறநானூற்றில் ஒரு முதியவர் 'தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி' நடுங்கி நிற்கிறார் (243). தலையில் பூண் போட்ட பெரிய தடி அது. அந்தத் தடியே அவருக்குப் பெயராகவும் ஆகிவிட்டது, தொடித்தலை விழுத்தண்டினார் என்று. இரண்டு இடத்திலும் கோலின் வேலை ஒன்றுதான்: விழாமல் தாங்குவது. உடல் எடையை அதன் மேல் இறக்குகிறோம். கோலை முன்னால் வைத்து, அதை நோக்கிக் காலை எடுத்து வைக்கிறோம்.

நார்டிக் நடையில் இது அப்படியே தலைகீழ். கோல் முன்னால் போவதே இல்லை. அதன் முனை எப்போதும் பின்பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். இடது கால் முன்னே போகும்போது வலது கைக் கோல் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் தரையைத் தொடும். தொட்டதும் கை அதைப் பின்னோக்கித் தள்ளும், உடம்பு முன்னே போகும். கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போனதும் விரல்களை விரித்துவிட வேண்டும். கோல் கீழே விழாது, ஏனென்றால் பிடியோடு சேர்ந்து கையுறை மாதிரி ஒரு பட்டை உள்ளங்கையைச் சுற்றிக் கட்டியிருக்கும். கை முன்னே வரும்போது பட்டை கோலை இழுத்துக்கொண்டு வரும். மலையேறுகிறவர்கள் பிடிக்கும் டிரெக்கிங் கோலில் இந்தப் பட்டை இருக்காது, வெறும் வளையம்தான். கடையில் இரண்டையும் ஒன்றென்று கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே நிறுத்தினார். "இது ஊன்றுறது இல்லடா, தள்ளுறது. ஓடத்துல கழி போடுற மாதிரி." சின்ன வயதில் உப்பனாற்றில் படகில் போனவர். ஆழமில்லாத இடத்தில் படகுக்காரர் நீளமான கழியைச் சேற்றில் குத்திப் பின்னால் தள்ளுவார், படகு முன்னே போகும். கழி படகைத் தாங்குவதில்லை, ஓட்டுகிறது. இத்தனை நாள் நான் தேடியது அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

அதனால் கருவிக்கு உந்துகோல் என்பதே சரி என்று நினைக்கிறேன். உந்துதல் என்றால் தள்ளிச் செலுத்துதல். பள்ளி இயற்பியல் பாடத்தில் 'உந்தம்' படித்த யாருக்கும் இது புதிதல்ல. ஊன்றுகோல், உந்துகோல் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடும் உடனே புரிந்துவிடும். பயிற்சிக்குக் கோல்நடை. நடந்து போவதைக் 'கால்நடையாகப் போனோம்' என்று சொல்வது நம் வழக்கம்தானே. காலுக்குப் பக்கத்தில் கோலை வைத்தால் கோல்நடை. பின்லாந்துச் சொல்லும் உறுப்புக்கு உறுப்பு இதுவேதான். 'கம்பு நடை' என்றும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் கம்பு என்றதும் சிலம்பம் நினைவுக்கு வருகிறது.

பெயரில் இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், பெயர் தவறினால் பயன்படுத்தும் விதமும் தவறுகிறது. ஊன்றுகோல் என்று நினைப்பவர் எடையை அதன் மேல் போட்டு முன்னால் ஊன்றுவார். மணிக்கட்டும் தோளும்தான் வலிக்கும். தடுமாற்றம் இருக்கிற, உண்மையிலேயே தாங்கல் தேவைப்படுகிற பெரியவர்களுக்கு மருத்துவர் சொல்லும் ஊன்றுகோல்தான் பொருத்தம். இது அதற்கு மாற்று அல்ல.

நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இதில் என்ன ஆதாயம்? சாதாரண நடையில் சும்மா ஆடும் கைகளும் தோளும் முதுகும் இதில் வேலை செய்கின்றன. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கோலோடு நடந்தபோது உடல் பயன்படுத்திய ஆக்சிஜன் சராசரியாக 20 விழுக்காடு கூடியது. ஆனாலும் நடப்பவர்களுக்குக் களைப்பு அந்த அளவுக்குக் கூடியதாகத் தெரியவில்லை. வேகமாக ஓட முடியாத வயதில் இதயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுக்க இது நல்ல வழி. முட்டிச் சுமையைப் பாதியாகக் குறைக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சமதரையில் அளந்து பார்த்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முட்டி வலியோ, இதய நோயோ, தோள் வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அதே கணக்குதான். ஐந்து நாள், அரை மணி நேரம்.

கோலின் நீளத்துக்கு உயரத்தை 0.68ஆல் பெருக்குவார்கள். 165 செ.மீ. உயரம் என்றால் 112 செ.மீ. வரும். கடையில் 110 எடுத்துக்கொள்ளலாம். தார்ச்சாலையில் நடப்பதற்குக் கோலின் அடியில் ரப்பர் முனை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் உலோக முனை வழுக்கும், டிக் டிக் என்று சத்தமும் போடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணலில் ரப்பரைக் கழற்றிவிட்டால் முனை நன்றாகப் பிடிக்கிறது.

முதல் நாள் எல்லோருக்கும் வலது கையும் வலது காலும் ஒன்றாகப் போகும். பெரியப்பாவுக்கும் அப்படித்தான். அதற்குச் சொல்லித்தரும் முறை எளிது. கோலைப் பிடிக்கவே பிடிக்காமல், கையைத் தொங்கவிட்டு, பட்டையில் மாட்டிய கோல்கள் பின்னால் தரையில் இழுபட அப்படியே நடக்க வேண்டும். நூறு அடி போவதற்குள் கைகள் தாமாகவே எதிர்க்காலோடு ஆடத் தொடங்கும். அப்புறம் மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம். மஞ்சக்குப்பம் மைதானத்தில் இரண்டு சுற்று இழுத்துக்கொண்டே நடந்தவர், மூன்றாவது சுற்றில் தள்ள ஆரம்பித்தார்.

இப்போது காலையில் போன் செய்தால் பெரியம்மாதான் எடுக்கிறார். "அவர் இல்லப்பா, கோல்நடை போயிருக்கார்."