‘புரோட்பேண்ட்’: அகண்ட அலைவரிசையா, அகலப்பட்டையா?

மட்டக்களப்பில் வீட்டு இணையத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘வைபை’. “வைபை எடுத்தாச்சா?” என்றால் இணைப்பு எடுத்தாச்சா என்று அர்த்தம். “வைபை முடிஞ்சுது” என்றால் மாதத்து டேட்டா தீர்ந்துவிட்டது. “வைபை ஸ்லோ” என்றால் வேகம் போதவில்லை. “வைபை இல்ல” என்றால், ரவுட்டரின் பிளக் கழன்றிருப்பதிலிருந்து தெருவில் வயர் அறுந்திருப்பது வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். மாதாமாதம் வரும் பில்லில் எழுதியிருப்பதோ வேறு சொல்: புரோட்பேண்ட். தமிழ்நாட்டார் பிராட்பேண்ட் என்று எழுதுவார்கள். காசு கட்டுவது அதற்குத்தான், ஆனால் பேச்சில் அது வருவதேயில்லை. இந்தச் சொற்குழப்பத்தால் எங்கள் பக்கத்தில் பலர் தேவையில்லாமல் பெரிய பெக்கேஜுக்கு மாறிக் காசைக் கரைக்கிறார்கள். ஆகவே சொல்லைக் கொஞ்சம் விரித்தே பார்ப்போம்.

‘புரோட்’ என்றால் அகலமான. ‘பேண்ட்’ என்றால் பட்டை, கீற்று, கட்டுத்துணி. கட்டுதல், பிணைத்தல் என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேர் அதற்கு. வானொலி வந்த காலத்தில் பொறியியலாளர்கள் இந்தச் சொல்லை எடுத்து, இத்தனை ஹேர்ட்ஸ் தொடங்கி இத்தனை ஹேர்ட்ஸ் வரை என்று விரியும் மீடிறன் (அதிர்வெண்) பரப்புக்குப் பெயராக வைத்தார்கள். ‘மூன்று பேண்ட் ரேடியோ’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆக, புரோட்பேண்ட் என்ற சொல்லுக்குள் ‘வேகம்’ என்ற பொருள் கிடையாது. அது அகலத்தைச் சொல்லும் சொல். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது அதன் விளைவு.

எப்படிக் கூடுகிறது? பழைய டெலிபோன் வயரில் பேச்சு போவதற்கு 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒடுங்கிய பட்டை போதும். அந்தப் பட்டைக்குள்ளேயே இணையத்தையும் ஓட்டிய டயல்-அப் காலத்தில் விநாடிக்கு 56 கிலோபிட் என்பதுதான் உச்சம். யாராவது இணையத்தில் இருந்தால் வீட்டுக்கு அழைப்பும் வராது. பிறகு வந்த ஏ.டி.எஸ்.எல். அதே செப்பு வயரில், பேச்சுக்கு மேலே சும்மா கிடந்த மீடிறன்களை 1.1 மெகாஹேர்ட்ஸ் வரை பயன்படுத்திக்கொண்டது. அதற்கடுத்த வகை 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை போய், விநாடிக்கு 24 மெகாபிட் வரை தந்தது. வயர் மாறவில்லை, அதில் பயன்படுத்தும் பட்டை அகன்றது. டெலிபோனுக்கு முன்னால் மாட்டச் சொல்லித் தந்த சின்ன ஸ்பிளிட்டர் பெட்டியின் வேலை, பேச்சின் பட்டையையும் இணையத்தின் பட்டையையும் பிரித்துவிடுவது.

அகலம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொன்னவர் அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன். ஒரு தடம் எவ்வளவு தகவலைக் கொண்டுபோகும் என்பதை அதன் பட்டை அகலமும், இரைச்சலோடு ஒப்பிடும்போது சமிக்ஞை எவ்வளவு வலுவானது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று 1948இல் கணித வாய்பாடாகவே நிறுவினார். அந்த வாய்பாட்டைக் கல்லடியில் கண்ணால் பார்க்கலாம். மாரி மழை தொடங்கினால் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இணைப்பு தளரும். அப்படி ஒரு வீட்டில், “மழை பெஞ்சா வைபை நிண்டு போகுது மனே, இந்த ரவுட்டரத்தான் மாத்தணும் போல” என்றார் அந்த வீட்டு மாமி. டெலிபோனைக் காதில் வைத்தால் கர்ரென்று இரைச்சல். வெளிச்சுவரில் இருந்த சின்ன இணைப்புப் பெட்டியைத் திறந்தால், முறுக்கிவிட்ட இரண்டு செப்புக் கம்பிகளின் முனையிலும் பச்சைக் களிம்பு. உப்புக் காற்று வேலை பார்த்திருக்கிறது. “ரவுட்டர்ல ஒரு பிழையும் இல்ல மாமி, வயர்லதான்” என்றேன். கம்பெனிக்காரத் தம்பி வந்து முனையை வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கிக் கொடுத்த பிறகு அந்த மாரி முழுக்க இணைப்பு அறாமல் இருந்தது. பட்டை அகலம் அன்றும் இன்றும் ஒன்றுதான், இரைச்சல்தான் குறைந்தது. இன்று கண்ணாடி இழையில் வரும் பைபர் இணைப்புக்கு இந்தக் களிம்புச் சிக்கல் இல்லை. இடி முழக்கத்தில் மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும் செப்பும் அதில் இல்லை. மின்சார வயர் மட்டும் இருக்கிறதே, அதனால் இடி விழும் நேரத்தில் அடாப்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

எவ்வளவு அகலம் இருந்தால் ‘அகலம்’ என்று சொல்லலாம்? இதற்கு ஒரே விடை இல்லை. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய வரைவிலக்கணம், விநாடிக்கு 1.5 அல்லது 2 மெகாபிட்டைத் தாண்டினாலே புரோட்பேண்ட் என்றது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு 2015இல் பதிவிறக்கத்துக்கு 25, பதிவேற்றத்துக்கு 3 மெகாபிட் என்று எல்லை வைத்தது. 2024இல் அதை 100க்கும் 20க்கும் உயர்த்தியது.

இனித் தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளில் கூடுதலாகக் காண்பது ‘அகண்ட அலைவரிசை’. இதில் இரண்டு சொல்லும் சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். அகண்டம் என்பது வடசொல். துண்டுபடாதது, பிளவுபடாதது என்று பொருள். அகண்ட தீபம் என்றால் அணையாமல் தொடர்ந்து எரியும் விளக்கு, அகலமான விளக்கு அல்ல. அகலத்தைச் சொல்லவேண்டுமானால் ‘அகல்’ என்ற தமிழ் வினையிலிருந்து ‘அகன்ற’ என்றுதான் வரும். ஒலி ஒத்துப்போனதால் ஒன்று மற்றதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

சிலர் அதைத் திருத்தி ‘அகன்ற அலைவரிசை’ என்கிறார்கள். பாதி சரி. ‘அலைவரிசை’ என்பது வானொலி, தொலைக்காட்சி வழியாக நமக்குள் ‘செனல்’ என்ற பொருளில் ஊறிவிட்ட சொல். அதையே பேண்டுக்கும் வைத்தால் ரவுட்டரை விளக்கும்போது மாட்டிக்கொள்வோம். கடையில் விற்கும் ரவுட்டர் பெட்டியில் ‘டூவல் பேண்ட்’ என்று அச்சடித்திருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் ஒரு பேண்ட், 5 கிகாஹேர்ட்ஸ் இன்னொன்று. ஒவ்வொரு பேண்டுக்குள்ளும் பல செனல்கள். இரண்டுக்கும் அலைவரிசை என்றே பெயர் வைத்தால், ‘ஒரு அலைவரிசைக்குள் பதின்மூன்று அலைவரிசை’ என்று சொல்லவேண்டி வரும். கேட்கிற பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பேண்டுக்குப் பட்டை, செனலுக்கு அலைவரிசை என்று பிரித்துவிட்டால் எல்லாம் தன் இடத்தில் நிற்கிறது. புரோட்பேண்ட் அகலப்பட்டை, பேண்ட்வித் பட்டை அகலம், டூவல் பேண்ட் இரட்டைப் பட்டை. ரயிலில் ‘புரோட் கேஜ்’ அகலப்பாதை ஆனதும் இதே வழியில்தான். பட்டை என்ற சொல்லும் அந்நியமில்லை: சேலைக் கரையில், திருநீற்றில், கறுவாவில் எல்லாம் அது இருக்கிறது.

எங்கள் கிழக்குக் கரைக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, இலண்டன் பி.எஸ்சி. பட்டம் பெற்று, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். பொருளையும் தமிழையும் சேர்த்துப் பார்த்துச் சொல் செய்த மரபு இந்தக் கரைக்கு உண்டு. அந்த மண்ணில் இருந்துகொண்டு அகண்டத்தையும் அகலத்தையும் கலக்கலாமா?

இன்னொரு சொல்லும் தேவை. வைபைக்குத் தமிழில் ‘அருகலை’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அருகில் மட்டும் எட்டும் அலை. அகலப்பட்டை தெருவிலிருந்து வீட்டு ரவுட்டர் வரைக்கும் வருவது. அருகலை ரவுட்டரிலிருந்து கையிலுள்ள போன் வரைக்கும் போவது. இணைப்பு மந்தமானால் முதலில் கேட்கவேண்டியது, பிழை இந்த இரண்டில் எதில் என்பதைத்தான். லப்டொப்பை ரவுட்டரோடு நேராக வயரில் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். வயரில் சொன்ன வேகம் வந்து, அறைக்குள் வராவிட்டால் அகலப்பட்டை நன்றாக இருக்கிறது, அருகலைதான் தளர்ந்திருக்கிறது. அதற்குப் பெரிய பெக்கேஜ் எடுத்துப் பயனில்லை. எங்கள் வீடுகளில் ரவுட்டர் பெரும்பாலும் முன் ஹோலில், ஷோகேசுக்குள், ரீவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிள்ளை படிப்பது நாலு கல்சுவர் தாண்டிப் பின்னறையில். ரவுட்டரை வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பக்கமாக, ஆள் உயரத்தில், இரும்பு அலுமாரிக்குத் தள்ளி வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் பட்டை வேகமானது, ஆனால் சுவரை ஊடுருவுவதில் வலுக்குறைந்தது. 2.4 தூரம் போகும், ஆனால் நெரிசல் கூட. காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீடுகள் சுவரோடு சுவராக நிற்பதால், போனைத் திறந்தால் அயலவர்களின் வைபைப் பெயர்கள் வரிசையாக இறங்கும். அங்கே 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 மூன்றுதான். அயலில் குறைவாகப் பாவிப்பதைத் தேர்ந்து ரவுட்டரில் நிலையாக வைத்துவிட்டால் நல்ல மாற்றம் தெரியும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் இந்தக் கதை வேறு. பைபர் எட்டாத ஊர்களில் 4ஜி ரவுட்டர்தான் வீட்டு இணையம். அங்கே அகலப்பட்டையும் காற்றிலேயே வருகிறது. போன் கோபுரத்தின் பட்டையை அந்தச் சுற்றிலுள்ள எல்லாரும் பங்கிடுவதால் இரவு ஏழு, எட்டு மணிக்கு வேகம் விழுகிறது. அந்த ரவுட்டரைக் கோபுரத்தைப் பார்த்த யன்னலோரம் வைப்பது சரிதான். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை பைபர் வீட்டுக்கு அது பொருந்தாது. பைபரிலும் பங்கீடு இல்லாமலில்லை: ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியலாம். ஆனால் அதன் கொள்ளளவு விநாடிக்கு 2.5 கிகாபிட் அளவில் இருப்பதால் நெரிசல் லேசில் தெரியாது.

வேகத்தை அளக்கும்போது எந்த ஊர்ச் சேவருக்கு (மறுமுனைக் கணினிக்கு) அளக்கிறோம் என்பதையும் பாருங்கள். கடல் எங்கள் வாசலில் இருந்தாலும் வெளிநாட்டுக் கடலடி வடங்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். கொழும்புச் சேவருக்கு நல்ல எண் காட்டி, சிங்கப்பூருக்குக் குறைந்தால் பிழை உங்கள் வீட்டில் இல்லை.

அடுத்த குழப்பம் வேகமும் அளவும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வட்டைக்கு, அதாவது வயலுக்கு, வரும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் அகலம் ஒன்று, போகத்துக்கு உங்களுக்கு ஒதுக்கிய தண்ணீர் இன்னொன்று. வாய்க்காலை அகலமாக்கினால் ஒதுக்கிய தண்ணீர் கூடாது, சீக்கிரம் முடியும். மெகாபிட் என்பது முதலாவது, ஜிகாபைட் என்பது இரண்டாவது. பிட்டையும் பைட்டையும் மாற்றி வாசிப்பதும் வழக்கம்: 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட்தான் வரும். ஒரு ஜிகாபைட் கோப்பு இறங்கக் கால்மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போகுமுன் எட்டால் வகுத்துப் பாருங்கள்.

அளவு எங்கே போகிறது என்பதையும் கணக்கில் பார்க்கலாம். விநாடிக்கு 5 மெகாபிட் இழுக்கும் தெளிவான வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு 2.25 ஜிகாபைட் குடிக்கும். தினமும் மூன்று மணித்தியாலம் ரீவியில் ஓடினால் மாதத்துக்கு 200 ஜிகாபைட்டைத் தாண்டும். தெளிவைக் குறைத்து 1 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவந்தால் அதே பார்வை 40 ஜிகாபைட்டில் முடியும். பிள்ளைகளின் போனில் ஓயாமல் தானாக ஓடும் குறுவீடியோக்கள், இரவில் தானாக இறங்கும் அப்டேட், கிளவுட்டுக்கு ஏறும் படங்கள், சீசீரீவி: இவைதான் கண்ணுக்குத் தெரியாமல் கரைப்பவை. இரவு நேரத்துக்குத் தனி டேட்டா தரும் பெக்கேஜாக இருந்தால் அப்டேட்டை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். பாஸ்வேர்ட் தெருவெல்லாம் தெரிந்திருந்தால் மாற்றுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனால் எத்தனை போன் தொங்குகிறது என்று தெரியும்.

புது இணைப்புக்குக் கையெழுத்து வைக்கும்போது பதிவிறக்க வேகம், மாத அளவு இரண்டையும் எல்லாரும் கேட்கிறார்கள். பதிவேற்ற வேகத்தைச் சிலர் கேட்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள மகனோடு வீடியோவில் பேசும் அம்மாவின் முகம் அங்கே தெளிவாகத் தெரிவது அதில்தான் தங்கியிருக்கிறது. கேட்காமல் விடுவது, அளவு முடிந்த பிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதை. விநாடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கினால் 4 மெகாபைட் படம் ஒன்று வர எட்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டும். அது கிட்டத்தட்ட டயல்-அப் வேகம். அந்த எண்ணையும் கேட்டு, படிவத்தில் எழுதி வாங்குங்கள்.